பவளமல்லித் தெருவுக்கு நாற்பத்தெட்டு நாள்

செங்காட்டுப்புதூருக்குப் பவளமல்லித் தெரு வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை பகல் மூன்று மணிக்கு. பழைய சாயப்பட்டறைக்குப் பின்னால், வேலிக்கருவையும் உடைந்த பாட்டிலும் தவிர வேறெதுவும் விளையாத புறம்போக்கில், இந்தப் பக்கம் பதினொன்றும் அந்தப் பக்கம் பதினொன்றுமாக இருபத்திரண்டு வீடுகள், நடுவில் ஒரு செம்மண் பாதை, பாதை முடிகிற இடத்தில் ஒரு மரம் என்று, யாரோ பாயை உதறி விரித்த மாதிரி அது கிடந்தது. முதலில் பார்த்தவர் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர். அவர் நாளையிலிருந்து ஆடுகளை எங்கே ஓட்டுவது என்று மட்டும் யோசித்தார், பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

அது எந்தத் தெரு என்று அடையாளம் சொன்னவள் அனுசுயா. வீட்டில் உட்கார்ந்து பனியன்களில் தொங்கும் நூல் பிசிர் வெட்டுகிறவள். மடியில் பனியன், பக்கத்தில் போன், போனில் கதை. அந்தப் போன் கதைகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு அவளே நின்று விளக்கினாள்: பெண்கள் எழுதுவார்கள், பெண்கள் படிப்பார்கள், வாரத்துக்கு மூன்று நாள் பகல் மூன்று மணிக்கு ஒரு எபிசோட் வரும், இங்கிருந்து கனடா வரைக்கும் அந்த நேரத்துக்குக் காத்திருக்கிற ஆட்கள் உண்டு. இப்போது எல்லோரும் படிப்பது தூறல்மொழி என்கிற ஒருத்தி எழுதும் ‘கோடையிடம் குடை கேட்டேன்’. எழுதுகிறவளுடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது, படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ இருக்கும். அக்னிதரன் என்கிற கோபக்காரப் பணக்காரன் இதழினி என்கிற ஏழைப் பெண்ணுக்குக் கட்டாயத் தாலி கட்டுகிற கதை. அந்த இதழினி இருப்பது பவளமல்லித் தெருவில். அந்தத் தெரு இதுதான், முதல் எபிசோடில் சொன்னபடியே இருக்கிறது, சந்தேகம் இருந்தால் படித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அனுசுயா மறுபடியும் பிசிர் வெட்டப் போனாள்.

எப்படி வந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. யாருக்கு என்றுதான் கேட்டார்கள். அளக்க வந்தவர் சங்கிலியைப் போட்டு மூன்று தடவை அளந்தார், மூன்று தடவையும் மூன்று நீளம் வந்தது, நடுவில் இருந்ததை எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். கட்சிக்காரர்கள் மதிலுக்கு முந்திக்கொண்டு சின்னம் வரைந்தார்கள். ஆனால் கதையில் ‘பால் போல வெளுத்த மதில்கள்’ என்று எழுதியிருந்ததால் மறுநாள் காலையில் மதில் பாலாகவே இருந்தது, இரண்டு கட்சிக்காரர்களும் மற்றவன்தான் அழித்தான் என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள். மின்கம்பம் நட ஆள் வருவதற்குள் எட்டாவது எபிசோடில் கம்பம் வந்துவிட்டது. கீரைக்காரி வந்தாள். தபால்காரர் வந்தார். இதழினியின் வீட்டில் மட்டும் யாரும் குடியேறக் கூடாது என்று யாரும் சொல்லாமலே முடிவாகி, அந்த வீடு பூட்டியே கிடந்தது. மற்ற இருபத்தொன்றுக்கும், தண்ணீருக்கும் வாடகைக்கும் ஊரில் எங்கெங்கோ அல்லாடிக்கொண்டிருந்த சனம் வந்து நிறைந்தது.

அதில் முதல் ஆளாக மூட்டையோடு வந்து இறங்கியவள் மயிலாத்தாள். பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் துணித் துண்டுகளான கட்டிங் வேஸ்ட்டை வாங்கிக் கலர் கலராகப் பிரித்து விற்பவள். பத்து வயதில் அடுத்தவர் கம்பெனியில் கூட்டிப் பெருக்க ஆரம்பித்து, திட்டு வாங்கி வாங்கியே திட்டக் கற்றுக்கொண்டு, இப்போது அவள் மூட்டை தூக்க வந்தால் கம்பெனி மேனேஜர்கள் கழிவறைக்குள் போய் ஒளிகிற அளவுக்கு வந்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பேரம் பேசத் தெரியும். பதினோரு வாடகை வீடு மாறியிருந்தாள், பதினொன்றிலும் தண்ணீர்ச் சண்டை, கடைசி வீட்டுக்காரன் அவள் வேலைக்குப் போயிருந்தபோது பூட்டின் மேல் பூட்டு போட்டுவிட்டான். இதழினி வீட்டுக்கு நேர் எதிர் வீட்டுக்குப் பச்சைக் கதவு. பித்தளை வளையம், காலை வெயில் பட்டால் மாவிலை நிறம், மாலையில் பாசி நிறம் என்று தூறல்மொழி அந்தக் கதவுக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தாள். மயிலாத்தாள் வளையத்தைப் பிடித்துத் தள்ளினாள், உள்ளே போனாள், நான்கு எட்டு வைத்தாள், வேலிக்கருவைக்குள் நின்றாள்.

பின்சுவர் இல்லை. கதையில் தெருவில் நடக்கிறவர்கள் பார்க்கிற வரைக்கும்தான் எழுதியிருந்தது: முகப்பு, பக்கச் சுவர், ஓடு, நிலைப்படியிலிருந்து தெரிகிற சிவப்புத் தரை. அதற்கு அப்பால் எழுதுகிறவளுக்கு வேலை இருக்கவில்லை. மயிலாத்தாள் எழுதினவளை ஒரு பாட்டம் திட்டினாள், பிறகு தகரம் வாங்கி வந்து பின்பக்கத்தை அடைத்தாள். மற்றவர்களும் அடைத்தார்கள். சென்னியப்பன் என்று ஒரு கொத்தனார் நாலாவது வீட்டில் இருந்தார், அவருக்கு அந்த வருஷம் வேலைக்குப் பஞ்சமே இல்லை.

அந்தத் தெருவுக்கென்று சில பழக்கங்கள் இருந்தன, போகப் போக எல்லோருக்கும் சரியாகிவிட்டது. தெருமுனை மரம் இரண்டாவது எபிசோடில் வேம்பு, பதினொன்றாவதில் மறதியாகப் புங்கை. அதனால் காலையில் வேப்பம்பூவும் சாயங்காலம் புங்கம்பூவும் உதிர்ந்தது, கூட்டுகிறவர்கள் இரண்டையும் கூட்டினார்கள். இதழினி வீட்டுப் படி மூன்றா ஐந்தா என்று எண்ணக் கூடாது. எண்ணினால் கால் இடறும். மழைதான் பெரிய விஷயம். அக்னிதரன் இதழினியைத் திட்டி அழ வைத்து, பிறகு தனியாக நின்று வருந்துகிற எபிசோடில் எல்லாம் தூறல்மொழி மழையை வரவழைத்துவிடுவாள், அந்த மழை பவளமல்லித் தெருவில் பெய்தது, தெருமுனை மரம் தாண்டி ஒரு சொட்டு விழாது. பதினான்கு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் விடுகிற ஊரில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்ல வேண்டியதில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று மணிக்குள் குடமும் அண்டாவும் வெளியே வந்துவிடும், அனுசுயா நடுத்தெருவில் நாற்காலி போட்டு உரக்கப் படிப்பாள், இன்றைக்குத் திட்டுவானா திட்ட மாட்டானா என்று எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். உலகத்தில் உள்ள வாசகிகள் எல்லாம் அக்னிதரன் திருந்த வேண்டும் என்று கமென்ட் போட்டுக்கொண்டிருக்க, அனுசுயா மட்டும், ஹீரோ இவ்வளவு சீக்கிரம் திருந்தினால் இயல்பாக இல்லை சிஸ், இன்னும் நான்கைந்து எபிசோட் திட்டட்டும் என்று விடாமல் போட்டாள்.

அறுபத்தோராவது எபிசோட் வந்த வாரத்தில், ஒரு பகல் வேளை, தெருவுக்குள் ஒரு பெண் வந்தாள். தெருவைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. அவர்கள் வழி கேட்பார்கள், இதழினி வீட்டு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். இவள் கேட்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற மாதிரி நேராக வந்தாள், மதில் ஓரத்தில் ஒரு வெற்றிடத்தில் நின்று, இங்கே ஒரு தண்ணீர்த்தொட்டி வைப்பதாக இருந்தேனே, மறந்துவிட்டேனே என்று தனக்குத்தானே சொன்னாள். கட்டிங் வேஸ்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த மயிலாத்தாள் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பின்சொவுரு எங்க, அம்மிணி?” என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. பச்சைக் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போய்த் தகரத்தைக் காட்டியதும் புரிந்தது. அவள் பெயர் கோகிலாமணி. வீட்டுக்காரர் நாலு தெரு தள்ளி பனியன் தைக்கிற பவர்டேபிள் மெஷின் போட்டு நடத்துகிறார், மாமியார் மாமனார் கூட இருக்கிறார்கள், அவள் கதை எழுதுவது யாருக்கும் தெரியாது, தெரிந்தால் முதலில் சிரிப்பார்கள், பிறகு போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் தகரத்தில் கை வைத்தபடியே சொன்னாள். வந்த காரணத்தையும் சொன்னாள். கதை எழுபதில் முடிகிறது. முடிவதற்குள் ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று வந்தாள்.

“முடிஞ்சா?”

“முடிஞ்சு பத்து நாள் வெச்சிருப்போமுங்க்கா. அப்பறம் லிங்க்க எடுத்துருவோம். புத்தகமாப் போடறவங்க கேப்பாங்க. எல்லாருமே அப்படித்தானுங்க்கா செய்யறது.”

லிங்க்கை எடுப்பது என்றால் கதையை யாரும் போனில் படிக்க முடியாமல் அழிப்பது என்று மயிலாத்தாள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எடுத்தால் தெரு என்னவாகும் என்று அவள் கேட்கவில்லை, கோகிலாமணியே சொன்னாள். போன வருஷம் மார்க்கெட் முக்கில் நாலு மாதம் ஒரு டீக்கடை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மயிலாத்தாளுக்கு ஞாபகம் இருந்தது, இஞ்சி டீ நன்றாக இருக்கும், ஒருநாள் போனால் கடை இல்லை, வியாபாரம் ஆகாமல் காலி பண்ணிவிட்டான் என்று நினைத்திருந்தாள். அது கோகிலாமணியின் முந்தைய கதை. டீ மாஸ்டர் கல்யாணம் செய்துகொண்டார், கதை முடிந்தது, பதினோராம் நாள் கடையும் போனது.

மயிலாத்தாள் தகரத்தை விரலால் தட்டினாள். அவள் விரலால் தட்டினால் கணக்குப் போடுகிறாள் என்று அர்த்தம்.

“அந்த பெஞ்சு இருக்குதே,” என்றாள். “மரப் பெஞ்சு. இன்னைக்குக் காலைல கூட அதுல உக்காந்துட்டுத்தான் வந்தேன்.”

“அது பக்கத்து சைக்கிள் கடைக்காரர் போட்டதுங்க்கா. நான் எழுதல.”

அவ்வளவுதான் மயிலாத்தாளுக்குத் தேவைப்பட்டது. கதை முடியக் கூடாது என்று அவள் சண்டை போடவில்லை. ஒரு தொழிலுக்கு ஒரு முறை உண்டு என்றால் அதை உடைக்கச் சொல்வது வீண் என்று அவளுக்குத் தெரியும், முறைக்குள்ளே எவ்வளவு இழுக்கலாம் என்பதுதான் பேரம். பத்து நாளை நூறு நாளாக்கு என்றாள். கோகிலாமணி பதினைந்து என்றாள். வீடு கட்டிப் பார்த்திருக்கிறாயா, பதினைந்து நாளில் சுண்ணாம்பு கூடக் காயாது என்று மயிலாத்தாள் எண்பதுக்கு இறங்கினாள். புத்தகம் போடுகிறவர் சத்தம் போடுவார் என்று கோகிலாமணி இருபதில் நின்றாள். எதிராளிக்கு என்ன இல்லை என்று பார்க்காமல் பேரம் முடியாது. ஆகவே மயிலாத்தாள் குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாருக்கும் தெரியாமல் எங்கே உட்கார்ந்து இவ்வளவும் எழுதினாய் என்று கேட்டாள்.

“பாத்ரூமுலங்க்கா. எங்க ஊட்ல உள்பக்கம் தாப்பா இருக்கறது அது ஒண்ணுதான். சந்தேகம் வந்துரக் கூடாதுன்னு பைப்பத் தொறந்து உட்டுக்குவேன்.”

“அறுவத்தொரு எபிசோடும் தண்ணியத் தொறந்து உட்டுட்டா எழுதினே?” மயிலாத்தாளுக்கு வந்த கோபத்தில் தகரம் அதிர்ந்தது. பதினோரு வீட்டுச் சண்டையும் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு பச்சைக் கதவைக் காட்டினாள். “இதுக்குத் தாப்பா இருக்குது. நாளைல இருந்து பகல்ல ரெண்டு மணி நேரம் இந்த ரூமு உனக்கு. நான் வெளிய மூட்ட மேல உக்காந்திருப்பேன், ஒருத்தன் உள்ள வர மாட்டான். நீ யாருன்னு ஒரு வாய்க்குச் சொல்ல மாட்டேன். நாப்பத்தெட்டு நாள் குடு.”

கோகிலாமணி தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடியும் போட்டுப் பார்த்தாள். சரி என்றாள்.

எழுபதாவது எபிசோட் ஒரு திங்கட்கிழமை வந்தது, அக்னிதரன் காலில் விழுந்தான், இதழினி மன்னித்தாள், கனடாவில் கைதட்டினார்கள், பவளமல்லித் தெருவில் யாரும் கைதட்டவில்லை, ஏனென்றால் வானம் வெளுத்துக் கிடந்தது. மயிலாத்தாள் நடுத்தெருவில் நின்று, இன்னும் நாற்பத்தெட்டு நாளில் இந்தத் தெரு போய்விடும், நாம் வைத்தது மட்டும் நிற்கும் என்று சத்தம் போட்டாள். உனக்கு எப்படித் தெரியும் என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை. அன்று மாலையே அனுசுயா முதல் எபிசோடிலிருந்து படிக்கத் தொடங்கினாள், எழுதியிருக்கிற ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல சென்னியப்பன் கரித்துண்டால் அதில் ஒரு கோடு போட்டார்: கோடு போட்டது போகும், போடாதது நிற்கும். மதில் போகும். ஓடு போகும். சிவப்புத் தரை போகும். காலையில் கோடு மறைந்திருக்கும், மறுபடியும் போடுவார். பிறகு தெருவே கட்டிடவேலை பழகியது. பகலில் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் வந்து சாயங்காலம் கல் சுமந்தார்கள், பக்கச் சுவருக்கு உள்ளே ஒட்டி ஒரு பக்கச் சுவர், ஓட்டுக்குக் கீழே ஒரு தகரக்கூரை, சிவப்புத் தரை மேல் ஒரு சிமென்ட் தரை, தகரத்துக்குப் பதில் செங்கல்லில் ஒரு பின்சுவர், சட்டைக்குள் சட்டை போட்ட மாதிரி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு வீடு எழும்பியது, அறைகள் பக்கத்துக்கு ஒரு சாண் குறுகின, தலை குனிந்து நடக்கப் பழகிக்கொண்டார்கள். அந்த நாட்களில் எல்லாம் பகல் இரண்டு மணி நேரம் பச்சைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது, மயிலாத்தாள் மூட்டை மேல் உட்கார்ந்து கலர் பிரித்தாள், யார் உள்ளே என்று கேட்டவர்களுக்கு என் தங்கச்சி, தலைவலி என்றாள். நாற்பத்தெட்டு நாள் தலைவலியா என்று ஒருவரும் கேட்கவில்லை.

முகப்பு மட்டும் பாக்கி. நாற்பத்தாறாம் நாள் சென்னியப்பன் கல்லும் கலவையுமாக மயிலாத்தாள் வீட்டு முன்னால் வந்து நின்றார். பச்சைக் கதவுக்கு உள்ளே ஒட்டிச் சுவர் எழுப்பி வேறு கதவு வைக்க வேண்டும், எழுப்பிவிட்டால் பச்சைக் கதவைத் திறக்க முடியாது. மயிலாத்தாள் கதவைப் பார்த்தாள், காலை வெயிலில் அது மாவிலை நிறத்தில் இருந்தது. இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே, அதற்குள் என்ன அவசரம், முதலில் பக்கத்து வீட்டை முடி என்று அவரைத் திட்டி அனுப்பினாள். பக்கத்து வீட்டில் நீலக் கம்பி போட்ட சன்னல், அதில் புறா வந்து உட்காரும், அவர்கள் அடுத்த வீட்டைக் காட்டினார்கள். அடுத்த வீட்டில் கதவுக்கு மேலே மயில் செதுக்கியிருந்தது, அவர்கள் எதிர் வரிசைக்கு அனுப்பினார்கள். சென்னியப்பன் இருபத்தொரு வீடும் ஏறி இறங்கி, காய்ந்துபோன கலவையோடு தன் வீட்டுக்கே வந்தார், தன் வீட்டு நிலையில் செதுக்கியிருந்த கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கரணையைக் கழுவி வைத்தார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு கோகிலாமணி வந்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டு, போனை எடுத்தாள். முகப்பு வேலை நடக்கவில்லை என்று வரும்போதே பார்த்திருந்தாள். வெளியே மூட்டை மேல் இருந்த மயிலாத்தாளிடம் கதவுக்குள்ளிருந்தே பேசினாள்.

“இன்னும் ரெண்டு நாள் வேணும்னா தள்ளிக்கலாமுங்க்கா. நான் சமாளிச்சுக்கறேன்.”

ரெண்டு நாள் போதும். மயிலாத்தாளுக்கு அது தெரியும். கதவைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள். இரண்டு நாள் கொடுத்தால் இரண்டு நாளும் இந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருப்போம், ஒரு கல் எழும்பாது என்பதும் தெரியும். கலர் பிரிக்கிற கைக்கு எது தன் மூட்டை, எது அடுத்தவன் மூட்டை என்று தெரியாமல் போகாது.

“பேசுனது பேசுனதுதான். அமுத்து,” என்றாள்.

கோகிலாமணி அமுக்கினாள்.

சத்தம் எதுவும் வரவில்லை. ஓடு போனது, தகரக்கூரை நின்றது. வெள்ளை மதில் போனது, செங்கல் நின்றது. தெருமுனையில் வேம்பும் புங்கையும் சேர்ந்தே போயின. இதழினி வீடு இருந்த இடத்தில் வேலிக்கருவை இருந்தது, அந்த ஒரு வீட்டுக்குள் யாரும் எதுவும் வைத்திருக்கவில்லை. இருபத்தொரு வீட்டுக்கும் முகப்பு போனது. திறந்த அலமாரி போல வீடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன: ஒரு வீட்டில் முகத்தில் பாதி சோப்புநுரையோடு ஒருவர், ஒரு வீட்டில் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தவள், ஒரு வீட்டில் பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிக்கப் போனவள், கொஞ்ச நேரம் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள், பிறகு நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டு அவரவர் வேலையைத் தொடர்ந்தார்கள். பச்சைக் கதவு இருந்த இடத்துக்குப் பின்னால், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, கையில் போனோடு, தாழ்ப்பாள் இருந்த திசையைப் பார்த்தபடி கோகிலாமணி உட்கார்ந்திருந்தாள்.

அனுசுயா மடியிலிருந்த பனியனை இறக்கி வைத்துவிட்டுப் பாதையைக் கடந்து வந்தாள். போனைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“சிஸ்?” என்றாள்.

கோகிலாமணி தலையை ஆட்டினாள். தெரு கூடிவிட்டது. ஏன் எடுத்தாய் என்று ஒருத்தி ஆரம்பிக்க, மயிலாத்தாள் நடுவில் வந்து நின்றாள், அந்தக் கேள்வி அங்கேயே நின்றது. அவள் யாரையும் திட்டவில்லை. உள்ளே போய்க் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தாள், நீலச் சன்னல் வீட்டுக்கு நீலமும், மயில் வீட்டுக்கு மயில் கலரும் எறிந்தாள், அனுசுயாவிடம் ஊசியைக் கொடுத்து உட்கார வைத்தாள். சாயங்காலத்துக்குள் இருபத்தொரு வீட்டுக்கும் துணியில் முகப்பு தொங்கியது. தன் வீட்டுக்கு அவள் பச்சையிலேயே இரண்டு பச்சையைப் பிரித்து வைத்திருந்தாள், ஒன்று மாவிலை, ஒன்று பாசி. எப்போது பிரித்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது, மூட்டை மேல் உட்கார்ந்திருந்த நாற்பத்தெட்டு நாளில் ஏதோ ஒரு நாள்.

கோகிலாமணி கிளம்பும்போது, தெருவே தெரிந்துகொண்ட பிறகு வீட்டுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும் என்றாள். மயிலாத்தாள், அடுத்த கதை எப்போது என்றாள்.

“திங்கக்கெழம மொத எபிசோடுங்க்கா. அக்கா, இந்தத் தடவ ஒரு கதவு எழுதட்டுமா? பின்சொவுரும் சேத்தி எழுதிர்றேன்.”

“கதவெல்லாம் எழுதாத. செங்கல்லு வாங்கி நாங்களே வெச்சுக்கறோம். மழைய மட்டும் உட்டுராத.”

“இந்தக் கதை ஊட்டி மலைலங்க்கா நடக்குது.”

“ஊட்டில எதுக்கு மழை? அங்கதான் எந்நேரமும் பேஞ்சுட்டுக் கெடக்குதே. இங்க கொண்டாந்து உடு.” துணியை விலக்கி உள்ளே அறையைக் காட்டினாள். “பகல்ல ரெண்டு மணி நேரம், அதே ரூமு. தாப்பாளுக்குப் பதிலா நான் இருக்கறேன்.”

வாரத்துக்கு மூன்று மழை என்று அவள் தொடங்கினாள், ஒன்று என்றாள் கோகிலாமணி, இரண்டில் முடிந்தது.

திங்கட்கிழமை மூன்று அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது இருபத்தொரு வீட்டிலிருந்தும் குடங்கள் வந்தன. வானம் சும்மா இருந்தது. மயிலாத்தாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எது உள், எது வெளி என்று சொல்ல நிலைப்படி இல்லாததால், பச்சைத் துணியின் நிழல் தரையில் எங்கே முடிகிறது என்று பார்த்தாள். அதுவரைக்கும் வீடு என்று முடிவு செய்தாள். அதற்கு ஒரு சாண் வெளியே தள்ளிக் குடத்தை வைத்தாள்.